அக்கார்டியனுக்கு ஒரு லைன்

நோர்டால் ஊர்த் தொலைபேசி நிலையத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே இருந்து அழைப்புகளை இணைக்கும் 'ஸ்விட்ச்' இயந்திரம் வெளியே வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை என்பது கம்பெனியின் விளக்கம். வெளியே இருப்பவர்கள் உள்ளே வேடிக்கை பார்த்துவிடக் கூடாது என்பது ஊராரின் விளக்கம். செங்கல் கட்டடம், ஒரே ஒரு இரும்புக் கதவு, கதவின் மேல் ஓர் அறிவிப்பு: "வாடிக்கையாளரே எங்கள் உயிர்மூச்சு. உள்ளே வரக் கூடாது."

இந்தக் கட்டடத்துக்கும் அல்வின் குபியாக்கின் வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு மரவேலி ஒன்றுதான். அல்வினுக்கு வயது அறுபத்தெட்டு. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு வருடமாக ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை உள்ளூர் வானொலியில் போல்கா நடன இசை வாசிப்பவர். துருத்தி போல விரிந்து மடங்கும் அக்கார்டியனை மடியில் ஏற்றிக்கொண்டு இரண்டு பாட்டு வாசிப்பார். பிறகு யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டுக் கன்றுக்குட்டி காணாமல் போனது, யார் இடுப்பெலும்பை மாற்றிக்கொண்டார் என்று படிப்பார். பிறகு மறுபடியும் இரண்டு பாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், அந்த மூன்று மாவட்டங்களில் இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்பட்டதில்லை.

1996 செப்டம்பரில் வானொலி நிலையம் அறுபது மைல் தள்ளி நகரத்துக்குக் குடிபோனது. நிலைய மேலாளர் ராண்டி நேரில் வந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு தட்டு நிறைய வறுத்த பாலாடைக்கட்டியைத் தின்று முடித்த பிறகே விஷயத்துக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் கெட்ட செய்தியை வெறும் வயிற்றோடு சொல்லும் வழக்கம் இல்லை.

"அல்வின், வாராவாரம் உன்னால அங்க வர முடியுமா?"

"ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லிட்டாரே."

"ஆர்டிஸ் ஓட்டுவாங்கல்ல?"

அல்வினின் மனைவி ஆர்டிஸ் அடுப்பில் இருந்து திரும்பினார். "நான் இடது பக்கம் திருப்ப மாட்டேன், ராண்டி. உனக்குத் தெரியாதா?"

ஊருக்கே தெரியும். கார் ஓட்டக் கற்ற நாளில் இருந்து ஆர்டிஸ் வலது பக்கம் மட்டுமே திருப்புவார். அது அவருடைய கொள்கை. நகரத்துக்குப் போகிற வழியில் ஒன்பது இடது திருப்பங்கள் இருந்தன.

"அப்ப ஒரே வழிதான்," என்றார் ராண்டி. "ஐ.எஸ்.டி.என்.னு ஒரு ஃபோன் லைன். இங்க உக்காந்து வாசிச்சா அங்க பக்கத்து நாற்காலியில இருந்து வாசிக்கிற மாதிரி கேக்குமாம். அதுக்கான பெட்டிய நான் அனுப்புறேன். லைனை நீ ஃபோன் கம்பெனிகிட்ட வாங்கி, பெட்டிய ஸ்விட்சோட சேத்துடு. அதுவரைக்கும் உன் பழைய டேப்பை ஓட்டுறேன். ஆனா நவம்பர்ல மான் வேட்டை ஞாயித்துக்கிழமைக்குள்ள வேலை செய்யணும்."

"இல்லேன்னா?"

ராண்டி தட்டைப் பார்த்தார். தட்டு காலி. "இல்லேன்னா மேல இருக்கிறவங்க டெக்சாஸ்ல இருந்து ஒரு நிகழ்ச்சிய வாங்கிப் போட்டுடுவாங்க. ஒருத்தர் ரெண்டு மணி நேரம் புல் வெட்டுற மெஷினைப் பத்திப் பேசுவார்."

"நவம்பர்ல இங்க புல்லே தெரியாதே. பனியில்ல கிடக்கும்?"

"சொல்லிப் பாத்துட்டேன்."

மான் வேட்டை ஞாயிறு சாதாரண ஞாயிறு அல்ல. வருடத்தில் ஐம்பத்தொரு ஞாயிறு அல்வின் ஊருக்கு வாசித்தார். அந்த ஒரு ஞாயிறு மட்டும், காட்டுக் கொட்டகைகளில் ஈரக் காலுறையோடு உட்கார்ந்து, நேற்று தப்பித்த மானைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் நாலாயிரம் ஆண்களுக்கும் சேர்த்து வாசித்தார். அவர்களிடம் புல் வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைப்பவர்களை என்ன செய்வது என்று அல்வினுக்குத் தெரியவில்லை. எல்லோரிடமும் துப்பாக்கி வேறு இருந்தது.

பெட்டி வந்தது. ரொட்டித் துண்டு அளவுதான். முன்னால் ஒரு விளக்கு. கூட வந்த கையேடு இருநூற்றுப் பதினான்கு பக்கம். முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: "பெட்டியை மாட்டுமுன் உங்கள் ஊர் ஸ்விட்ச் ஐந்து வகைகளில் எந்த வகை என்பதையும், உங்கள் லைனுக்கு உரிய பதினான்கு இலக்க அடையாள எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தொலைபேசிக் கம்பெனி மகிழ்ச்சியோடு சொல்லும்."

அல்வின் கம்பெனியின் சேவை எண்ணை அழைத்தார். மணி அடித்தது வேறு மாநிலத்தில், நெப்ராஸ்காவில். எடுத்த பெண்ணின் பெயர் செரில்.

"புது ஐ.எஸ்.டி.என். லைனா சார்? ரொம்ப சந்தோஷம். உங்க ஸ்விட்ச் எந்த வகை?"

"என் ஸ்விட்சா? அது உங்க ஸ்விட்சும்மா. அதைக் கேக்கத்தான் நான் கூப்பிட்டேன்."

"அதை நாங்க சொல்லக் கூடாது சார். பாதுகாப்பு. ஆனா நீங்க யூகிச்சுச் சொல்லலாம். பரிசீலிச்சுக் கடிதம் போடுவோம்."

"கடிதத்துல சரியா தப்பான்னு சொல்வீங்களா?"

"பரிசீலிச்சோம்னு சொல்வோம்."

அல்வின் ஜன்னல் வழியாக எதிரே இருந்த செங்கல் சுவரைப் பார்த்தார். அதில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதற்கும் தெரியாது போலத்தான் இருந்தது.

"அடுத்தது சார், லைன்ல என்ன போகும்? பேச்சா, தகவலா?"

"அக்கார்டியன்."

நெப்ராஸ்காவில் தட்டச்சு நின்றது. "ரெண்டுல ஒண்ணு சொல்லணும் சார்."

"அது பேசாதும்மா. தகவலும் தராது. வாசிச்சா ஜனங்க ஆடுவாங்க, அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுறேன். மேலிடத்துல முடிவு பண்ணிக்குவாங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு அல்வின் வேலி ஓரம் போய் நின்றார். நிலையத்தின் ஒரே ஊழியர் மெர்ல் தோர்சன் தினமும் பத்து மணிக்கு இரும்புக் கதவைத் திறந்துகொண்டு, ஃபிளாஸ்கும் சிகரெட்டுமாக வெளியே வருவார். இருபத்திரண்டு வருடமாக இருவரும் அந்த வேலியின் மேல் முழங்கை ஊன்றிப் பேசாத விஷயமில்லை.

"மெர்ல், உள்ள இருக்கிறது எந்த வகை மெஷின்?"

மெர்லின் முகம் வெளுத்தது. இடமும் வலமும் பார்த்தார். "அல்வின், உன் பையன் கல்யாணத்துல நான் நாலு தட்டு சாப்பிட்டவன். நீ என்ன கேட்டாலும் செய்வேன். இதை மட்டும் கேக்காத."

"ஏன்?"

"நாப்பத்தொண்ணாம் விதி. நெப்ராஸ்கால இருந்து வேலைச்சீட்டு வராம வாடிக்கையாளர்கிட்ட ஸ்விட்ச் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா வேலை போயிடும்."

"சரி, சீட்டு வாங்குறேன்."

அல்வின் சமையலறைத் தொலைபேசியை அதன் நீளச் சுருள் ஒயரோடு இழுத்துக்கொண்டு வேலிக்கே வந்துவிட்டார். ஒயர் இழுத்த இழுப்பில் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. செரில் சீட்டு எழுதினார். ஆனால் விதிப்படி வாடிக்கையாளரும் ஊழியரும் நேரடியாகப் பேசக் கூடாது, செரில் வழியாகத்தான். மெர்ல் இடுப்பில் இருந்த கம்பெனித் தொலைபேசியைக் காதில் வைத்தார். மூன்றடி இடைவெளியில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நெப்ராஸ்காவோடு பேசத் தொடங்கினார்கள்.

"கொஞ்சம் லைன்லயே இருங்க சார், எங்க ஆள்கிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றார் செரில். அல்வின் காதில் பியானோ இசை வந்தது. எதிரே மெர்ல் தலையாட்டுவதும், ஏதோ முனகுவதும், தரையைப் பார்ப்பதும் தெரிந்தது. பியானோ நின்றது.

"சார், எங்க ஆள் ஒரு விஷயம் சொல்றார். உங்க இடது பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருக்காம்."

அல்வின் குனிந்து கட்டிக்கொண்டார். "அவருக்கு நன்றின்னு சொல்லுங்கம்மா. இந்த வருஷம் எந்தக் காட்டுக்கு வேட்டைக்குப் போறார்னும் கேளுங்க."

பியானோ.

"அவங்க அத்தான் கொட்டகைக்காம் சார். உங்க கால் எப்படி இருக்குன்னு கேக்கறார்."

"மோசமில்லைன்னு சொல்லுங்க. ஸ்விட்ச் வகை?"

பியானோ வெகுநேரம் ஓடியது.

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு அனுமதி இல்லையாம் சார். அனுமதி தர்றவர் யார்னு கேட்டா, அதுவும் பாதுகாப்பு விஷயமாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் மெர்ல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அக்டோபரில் முதல் கடிதம் வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே! உங்கள் விண்ணப்பத்தை நிராகரிப்பதில் பெருமிதம் கொள்கிறோம். ஐ.எஸ்.டி.என். சேவை, நிலையத்தில் இருந்து பதினெட்டாயிரம் அடிக்குள் வசிப்பவர்களுக்கு மட்டுமே. தாங்கள் பதினெட்டாயிரத்து முந்நூற்றுப் பத்து அடி தூரத்தில் வசிக்கிறீர்கள்."

அல்வின் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்த நாற்காலிக்கும் நிலையத்துக்கும் நாற்பதடி. ஆர்டிஸ் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஏப்ரனைக் கழற்றிவிட்டு ஆர்டிஸ் தொலைபேசியை எடுத்தால் அல்வின் வாசல் பக்கம் போய்விடுவது வழக்கம். அன்று போகவில்லை.

"இந்தாம்மா, எங்க வீட்டுல துணி காயப்போட்டா உங்க சுவத்துல நிழல் விழுது. அது எப்படி மூணரை மைல் ஆகும்?"

"கண்ணுக்கு எவ்வளவு பக்கம்னு நாங்க பாக்கறதில்லம்மா," என்றார் செரில். "கம்பிக்கு எவ்வளவு தூரம்னுதான் பாப்போம். உங்க கம்பி நிலையத்துல இருந்து கிளம்பி, ஏரியைச் சுத்தி, பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்குப் போய், கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, லூதரன் சர்ச் வழியா உங்க வீட்டுக்கு வருது."

"அப்ப வேலிக்கு மேல நேரா ஒரு கம்பியப் போடுங்க. நானே பிடிச்சுக்கிறேன்."

"புதுக் கம்பி போட அந்தத் தெருவுல குறைஞ்சது ரெண்டு பேராவது கேட்டிருக்கணும்மா."

"இந்தத் தெருவுல இருக்கிறதே நாங்களும் உங்க கட்டடமும்தான்!"

"எங்க கட்டடத்துல இருந்து இதுவரை விண்ணப்பம் எதுவும் வரலம்மா." தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஒரு சலுகை இருக்கு. வாடிக்கையாளர் கம்பி வழியா முந்நூத்திப் பத்து அடி கிட்ட நகர்ந்து வந்தா மறுபடி பரிசீலிப்போம்."

ஆர்டிஸ் தொலைபேசியை வைத்தார். மேஜை மேல் ஊர் வரைபடத்தை விரித்து, பின்னல் ஊசியால் அளந்தார். கம்பி வருவது லூதரன் சர்ச் பக்கத்தில் இருந்து. ஆகவே சர்ச் பக்கம் நகர்ந்தால் கம்பி குறையும்.

கொல்லையில் அல்வினின் மீன்பிடிக் கொட்டகை இருந்தது. ஏரி உறைந்த பிறகு, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டிலோடு உட்காருவதற்கான மரக் கொட்டகை; அடியில் சறுக்குக் கட்டை. பக்கத்துப் பண்ணை டிராக்டரில் அதைக் கட்டி இழுத்தார்கள். தெருவைத் தாண்டி நானூறு அடி போய், லூதரன் சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தினார்கள். நிலையத்தை விட்டு விலகிப் போகப் போக, நிலையத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்தார் அல்வின்.

அல்வின் கத்தோலிக்கர். லூதரன் சர்ச் இடத்தில் அவர் கொட்டகை நிற்கலாமா என்று முடிவு செய்ய அங்கேயும் ஒரு குழு இருந்தது, அங்கேயும் ஒரு படிவம் இருந்தது. ஆனால் அங்கே படிவத்தை நிரப்பியவருக்குக் காபியும் கேக்கும் கொடுத்து, கேக் முடிவதற்குள் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கீனமான நிர்வாகத்தை அல்வின் அந்த வருடத்தில் பார்த்ததில்லை.

கம்பெனி அளந்தது; பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து அடி. ஒப்புதல் வந்தது. மெர்ல் வேலைச்சீட்டோடு வந்து கொட்டகைக்குள் லைனை இழுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது அல்வினின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். நவம்பர் நடுவில் அடையாள எண்ணும் தபாலில் வந்தது: பதினான்கு இலக்கங்களில் முதல் பத்து. கடைசி நான்கின் மேல் பாதுகாப்புக்காகக் கறுப்பு மை அடித்திருந்தார்கள்.

பெட்டியை மாட்டினார்கள். விளக்கு சிவப்பாக எரிந்தது.

நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்பு. ஸ்விட்ச் ஐந்து வகை என்றால் ஐம்பதாயிரம். சர்ச்சின் மெத்தைவிரிப்புத் தையல் குழுப் பெண்கள் பதினோரு பேர் முறை வைத்துக் கொட்டகைக்கு வந்தார்கள். ஒருத்தர் எண்ணைச் சொல்ல, ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் விளக்கைப் பார்த்து "சிவப்பு" என்பார். முதல் வகையில் ஆரம்பித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருந்தார்கள். இந்த வேகத்தில் போனால் ஜூலையில் முடியும் என்று ஆர்டிஸ் கணக்குப் போட்டார்.

"ஜூலைல புல்லாவது இருக்கும்," என்றார் அல்வின்.

சனிக்கிழமை மான் வேட்டை தொடங்கியது. மெர்ல் போய்விட்டார். மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் போய்விட்டார்கள். ஊரில் நடமாடும் ஆண் என்று இருந்தவர் அல்வின் ஒருவர்தான். அன்று காலை பதினொரு மணிக்கு, வருடத்தில் வேறு எந்த நாளும் கிடைக்காதது போல, சிகாகோவில் இருந்து கம்பெனியின் துணைத் தலைவர் பிராட்லி விட்கம் வந்து இறங்கினார். மூன்று மாவட்டங்களின் முதல் ஐ.எஸ்.டி.என். வாடிக்கையாளரைக் கௌரவிக்கும் விழாவாம். ரிப்பன், பெரிய கத்தரிக்கோல், துணி போர்த்திய ஒரு பித்தளைப் பலகை எல்லாம் கொண்டுவந்திருந்தார். மெல்லிய தோல் ஷூவும், மான் நிறத்தில் ஒரு நீளக் கோட்டும் அணிந்திருந்தார்.

ஆர்டிஸ் அவரைப் பார்த்ததும் ஓடிப்போய், அல்வினின் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டார். "கழட்டிடாதீங்க சார். இன்னைக்கு உங்க கோட்டுக் கலர்ல எது நகந்தாலும் சுடுவாங்க."

துணைத் தலைவர் கொட்டகை முன் நின்று பேசினார். கூட்டம்: அல்வின், ஆர்டிஸ், தையல் குழு.

"அன்பர்களே! ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் ஒரு கேள்வி கேட்டால், பக்கத்தில் நிற்கும் ஊழியர் உடனே பதில் சொல்லிவிடும் அவலம் இருந்தது. அதை ஒழித்தோம். இன்று உங்கள் கேள்வி நான்கு மாநிலங்களைக் கடந்து, ஏழு துறைகளைத் தொட்டு, சற்றும் சேதமில்லாமல் அதே கேள்வியாகவே உங்களிடம் திரும்பி வருகிறது. சென்ற ஆண்டு எங்களுக்கு வந்த புகார்கள் பாதியாகக் குறைந்தன. புகார் எண்ணை மாற்றியதும், மாற்றியதை யாருக்கும் தெரிவிக்காததும்தான் இந்தச் சாதனையின் ரகசியம். சிலர் கேட்கிறார்கள், இந்த ஐ.எஸ்.டி.என். என்றால் என்ன என்று. நானும் கேட்டேன். பதிலுக்காகக் காத்திருக்கிறேன்!"

தூரத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தது. கைதட்டல் என்று நினைத்து அவர் தலைவணங்கினார். பிறகு ரிப்பனை வெட்டிப் பலகையின் துணியை விலக்கினார்.

தையல் குழு மரியாதைக்குக் கைதட்டியது. ஆர்டிஸ் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். விளம்பரத் துறை செய்த பலகை அது. விளம்பரத் துறைக்கு நாற்பத்தொன்றாம் விதி கிடையாது. "நோர்டால் நிலையத்தின் நான்காம் வகை ஸ்விட்சில் இருந்து வழங்கப்படும் இந்த இணைப்பு மக்களுக்கு அர்ப்பணிக்கப்படுகிறது" என்றும், கீழே அழகுக்காக, பதினான்கு இலக்க அடையாள எண்ணும் ஒன்று விடாமல் பித்தளையில் பொறிக்கப்பட்டிருந்தன.

"அல்வின்," என்றார் ஆர்டிஸ், உதட்டை அசைக்காமல். "உள்ள போ. நாலாம் வகை. நான் சொல்லச் சொல்ல அமுக்கு."

அல்வின் அமுக்கினார். விளக்கு மஞ்சளானது. பச்சையாகவில்லை. கையேட்டின் நூற்றைம்பதாம் பக்கம் சொன்னது: "மஞ்சள் என்றால், பெட்டி ஸ்விட்சைப் புரிந்துகொண்டது. ஸ்விட்ச் இன்னும் பெட்டியைப் புரிந்துகொள்ளவில்லை."

"சார், உள்ளயும் எதையோ மாத்தணும்," என்றார் அல்வின். "மெர்ல் இருந்தா செய்வான். வேட்டைக்குப் போயிட்டான். நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நான் வாசிக்கணும்."

"வேறு ஆள்?"

"எல்லாரும் காட்டுல இருக்காங்க சார்."

துணைத் தலைவர் மார்பை நிமிர்த்தினார். அவரிடம் சாவி இருந்தது. எல்லா நிலையங்களின் கதவையும் திறக்கும் சாவி. இருபது வருடத்தில் அதை ஒரு முறையும் பயன்படுத்தியதில்லை. "குபியாக், உங்க படிவத்தை எடுத்துட்டு வாங்க. மெஷின்ல நானே போடுறேன்."

விதிப்படி அல்வின் வேலியிலேயே நின்றார். இருபது நிமிடம் கழித்து இரும்புக் கதவு திறந்தது. துணைத் தலைவர் ஏதோ பிரசவம் பார்த்துவிட்டு வருகிற மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உங்க படிவத்துல ஒரு கட்டம் காலியா இருந்தது. மெஷினும் அதையேதான் கேட்டுச்சு. பேச்சா, தகவலான்னு. அக்கார்டியன் ரெண்டும் இல்லியே! நல்லவேளை, மூணாவதா ஒண்ணு இருந்தது. 'ஒலி'ன்னு. அதைப் போட்டேன். அப்புறம் ஒருத்தருக்கா, எல்லாருக்குமான்னு கேட்டுச்சு. வானொலின்னா எல்லாருக்கும்தானே?"

"ஆமா சார்," என்றார் அல்வின். அவருக்கும் அது சரியாகவே பட்டது.

கொட்டகையில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தையல் குழு அழுதது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, காலடியில் கணப்பு எரிய, அல்வின் அக்கார்டியனை விரித்தார். வேட்டைப் பாட்டு இரண்டு வாசித்தார். பிறந்தநாள்களைப் படித்தார். காட்டில் இருப்பவர்கள் காலுறையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கதவு திறந்தது. ஆர்டிஸ், வீட்டுச் செருப்போடு, பனியில் நடந்து வந்திருந்தார்.

"நிறுத்தாத, வாசி. காதை மட்டும் இங்க குடு. எங்க அக்காவைக் கூப்பிடலாம்னு ஃபோனை எடுத்தேன். டயல் டோன் இல்ல. நீதான் இருக்க."

"எங்க?"

"ஃபோனுக்குள்ள! அடுத்த தெரு வீட்டுல கேட்டேன், அங்கயும் நீ. சர்ச்லயும் நீ. பெட்ரோல் பங்க் பூத்துலயும் நீதான். யார் ஃபோனைத் தூக்கினாலும் டயல் டோனுக்குப் பதிலா நீ வாசிக்கிற."

அல்வினின் விரல்கள் நிற்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் பாட்டின் நடுவே நின்றதில்லை. "அப்ப வானொலில?"

"மூச்சுப் பேச்சில்ல."

அல்வினின் முகம் வாடியது. பாட்டு மட்டும் ஓடியது. அதற்குள் துணைத் தலைவர் ஆரஞ்சுச் சட்டையோடு, பைஜாமாவோடு, விடுதியில் இருந்து ஓடி வந்தார். "நிறுத்துங்க! மூணு மாவட்டமும்! சிகாகோவைக் கூப்பிடலாம்னு எடுத்தா போல்கா வருது!"

"நம்பரைச் சுத்துங்க, போகும்," என்றார் ஆர்டிஸ். "டயல் டோன்தான் மாறியிருக்கு, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் அக்காகிட்ட பேசிட்டுத்தான் வரேன்."

துணைத் தலைவர் சர்ச்சுக்குள் ஓடி நெப்ராஸ்காவின் எண்ணைச் சுழற்றினார். வாசல் கதவு திறந்தே கிடந்ததால் அவர் கத்தியது கொட்டகை வரை கேட்டது.

"நான் துணைத் தலைவர் பேசறேன்! ஒரு லைனை உடனே துண்டிக்கணும்!"

ஏதோ பதில்.

"இல்லை, டயல் டோன் கேக்கலை! போல்கா கேக்குது!"

ஏதோ பதில்.

"செத்த லைன்ல இருந்து புகார் வாங்க மாட்டீங்களா? லைன் எங்க செத்திருக்கு? நான்தான் பேசிட்டிருக்கேனே!"

நீண்ட பதில்.

"எந்த முட்டாள் எழுதின விதி அது?"

மிகச் சுருக்கமான பதில். துணைத் தலைவர் மெல்லத் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்து, படியில் உட்கார்ந்தார். தையல் குழுவில் ஒருத்தர் அவர் கையில் காபியும் கேக்கும் கொடுத்தார். பலகையின் அடியில் உட்கார்ந்து அவர் கேக் தின்றார். அவருடைய வலது ஷூ தாளம் போட்டுக்கொண்டிருந்ததை ஆர்டிஸ் கவனித்தார், அவர் கவனிக்கவில்லை.

அறுபது மைல் தள்ளி, மூன்றாவது மாவட்டத்தில் இருந்த நகரத்தில், ராண்டி இருபது நிமிடமாக மௌனத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். டெக்சாஸ் நிகழ்ச்சிக்கான பொத்தானின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முடிந்தது என்று அல்வினிடம் சொல்வதற்காக மறு கையால் தொலைபேசியை எடுத்தார். எடுத்தவர் எண்ணைச் சுழற்றவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். பொத்தானில் இருந்து விரலை எடுத்தார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அதன் மேல் தொலைபேசியை வைத்து, ஒலிவாங்கியை அதில் சத்தம் வரும் பக்கத்துக்கு நகர்த்தினார். எட்டு இருபத்திரண்டுக்குக் காட்டுக் கொட்டகைகளில் அல்வின் வந்துவிட்டார்.

பத்து மணிக்கு அல்வின் அக்கார்டியனை மடக்கினார். மூன்று மாவட்டங்களிலும் டயல் டோன் திரும்பியது. அல்வின் வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி அடித்தது.

"அல்வின்," என்றார் ராண்டி. "மோசமில்ல."

அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அல்வின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்த ஞாயிறும் ஃபோனைத் தூக்கி வச்சுடுறேன்," என்றார் ராண்டி. "டெக்சாஸ்காரரை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

கம்பெனி தவறு செய்வதில்லை. செய்ததைத் திருத்த வேண்டுமானால், முதலில் தவறு நடந்ததாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் துணைத் தலைவர். ஆகவே டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று மாவட்டத்தின் எல்லா வீடுகளுக்கும் ஒரு கடிதம் போனது: "ஞாயிறு இசை டயல் டோன் என்னும் எங்கள் நெடுநாள் கனவு நனவாகியிருக்கிறது. இச்சேவை வேண்டாதவர்கள் இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பினால், பழைய டயல் டோனே வழங்கப்படும்."

பதினோராயிரம் படிவங்கள் போயின. அல்வின் அந்த வாரம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. எத்தனை பேர் திருப்பி அனுப்புவார்கள்? ஆயிரமா? ஐயாயிரமா? வானொலியில் பிடிக்காதவர்கள் திருகாணியைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார்கள், சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இதில் பெயர் முகவரியோடு தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெர்ல் வேலிக்கு வந்தார். கையில் வேலைச்சீட்டு இருந்தது.

"படிவம் எல்லாம் வந்து சேந்துடுச்சு, அல்வின். இந்தத் தடவை நான் உன்கிட்ட பேசலாம். சீட்டு இருக்கு."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா!" அல்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எந்த லூதரன்டா?"

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். சீட்டோடு இணைத்திருந்த படிவத்தை வேலிக்கு மேல் நீட்டினார். அல்வின் கையைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஆர்டிஸ் குபியாக். கையெழுத்து அழகாக, கோணலில்லாமல் இருந்தது.

வீட்டுக்குள் போனபோது ஆர்டிஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"நீயா, ஆர்டிஸ்?"

"ஞாயித்துக்கிழமை காலைலதான் எங்க அக்கா வீட்டுல இருப்பா," என்றார் ஆர்டிஸ், தலையைத் தூக்காமல். "நம்பரைச் சுத்துறதுக்குள்ள உன் பாட்டைக் கேட்டு எனக்கு நம்பர் மறந்துடுது. மூணு தடவை சவ அடக்கம் பண்றவங்களுக்குப் போட்டுட்டேன்."

"அவ்வளவுதானா காரணம்?"

"அவ்வளவுதான். தொலைபேசி உன் பேர்ல இருக்காம், கீழ நீயும் கையெழுத்துப் போடணுமாம். மெர்லைக் காக்க வைக்காத, குளிருது."

அல்வின் போட்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பிறந்தநாள்களை எல்லாம் படித்து முடித்த பிறகு, அடுத்த பாட்டு தன் மனைவி ஆர்டிஸுக்கு என்று அறிவித்தார் அல்வின். ஸ்விட்ச் வகையைக் கண்டுபிடித்தவள், கொட்டகையை நகர்த்தியவள், அவள் இல்லாவிட்டால் இந்த நிகழ்ச்சியே இல்லை என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று வாசித்த போல்காவை வாசித்தார். மூன்று மாவட்டங்களில் அந்த நேரத்தில் தொலைபேசியைத் தூக்கிய அத்தனை பேரும் எண்ணைச் சுழற்றாமல் நின்று கேட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள்.

ஆர்டிஸும் சரியாக அதே நேரத்தில்தான் தொலைபேசியைத் தூக்கினார். அவருக்கு மட்டும் சுத்தமான, இரைச்சலே இல்லாத டயல் டோன் வந்தது.